பதினெட்டு கிலோ

சிங்கப்பூரில் என் மகள் தன் பாய்மரப் படகை விற்கப்போவதாக இணையத்தில் படம் போட்டிருந்தாள். மூன்று பேர் விலை கேட்டு எழுதியிருந்தார்கள். நான்காவதாக ஒரு பெண், தமிழில், ‘சும்மா குடுப்பீங்களா?’ என்று கேட்டிருந்தாள். மகள் சிரித்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டாள். நான் அந்தப் பெண்ணின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பெயர் சரண்யா, ஊர் எண்ணூர் முகத்துவாரக்குப்பம். சாம்பல் நிறத் தண்ணீரில், ஒட்டுப்போட்ட பாயுடன் ஒரு பழைய படகை ஓட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் புகைபோக்கிகள்.

படகு அவளுக்கே போனது. தெரிந்தவர் ஒருவரின் கன்டெய்னரில் மூலை காலியாக இருந்தது, அதில் ஏற்றி அனுப்பினேன். நான்கு மாதம் கழித்து, புதிய பாய்கள் ஒரு பையிலும் இடுப்பு வார்கள் இன்னொரு பையிலுமாக நானும் போனேன். அந்த ஞாயிற்றுக்கிழமை சென்னைத் துறைமுகத்துக்குள் தேர்வுப் போட்டி. ஆறு ஜோடிகள் ஓடும், இரண்டு ஜோடிகளுக்குப் பயிற்சி முகாமில் இடம்.

வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தேன். திருவொற்றியூரைத் தாண்டியதும் ஆட்டோ நின்றது. முன்னால் கன்டெய்னர் லாரிகளின் வரிசை. முடிவு கண்ணுக்குத் தெரியவில்லை. சாலையின் பெயரில் ‘விரைவு’ என்ற சொல் இருக்கிறது.

“டிரெய்லர் நவுந்தா நாமளும் நவுரலாம்மா. இல்லாங்காட்டி இங்கியே குந்திக்கினு ஊர்க்கதை பேசலாம்” என்றார் ஓட்டுநர்.

பேசினோம். எங்கள் ஊரிலும் துறைமுகம் உண்டு, அங்கே லாரிகள் வீட்டு வாசலில் நிற்காது என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். “அப்போ வாசல்ல இருந்த ஜனம்லாம் எங்க போச்சு?” என்று கேட்டார். அவர்களை எப்போதோ அடுக்குமாடிகளுக்கு மாற்றிவிட்டார்கள். அதைச் சொன்னேன். “அப்டி சொல்லு” என்று பீடியைப் பற்றவைத்தார்.

முகத்துவாரக்குப்பத்தில் படகை ஒரு டார்பாலினுக்கு அடியில் வைத்திருந்தார்கள். சரண்யா குட்டையானவள், வேகமாகப் பேசுகிறவள். அவளுடன் ஓட்டும் எஸ்தர் காசிமேட்டுப் பெண், என்னைவிட அரையடி உயரம், கேட்டால் மட்டும் பேசுவாள். இரண்டு பேர் ஓட்டும் படகில் இந்தப் பொருத்தம் முக்கியம். சுக்கான் பிடிப்பவள் சிறியவளாக இருக்கலாம். மற்றவள் நீளமாக இருக்க வேண்டும். பாய்மரத்தின் மேலிருந்து வரும் கம்பியில் இடுப்பு வாரை மாட்டிக்கொண்டு, கால்களைப் படகின் விளிம்பில் ஊன்றி, உடம்பு முழுவதையும் தண்ணீருக்கு மேல் கிடையாக நீட்டுவது அவள் வேலை. காற்று படகைச் சாய்க்கப் பார்க்கும், அவள் எடை அதை நிமிர்த்தும்.

“ஃபுட்போர்டு அடிக்கிறா” என்று அதை ஒரே வரியில் விளக்கினார் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர்.

குப்பத்தில் எல்லோருக்கும் அந்தப் படகு ஒரு வேடிக்கை. நீளம் பதினாலரை அடி. உட்காரப் பலகை கிடையாது. பின்பக்கச் சுவரும் கிடையாது.

“பின்னாடி தொறந்து கீதே, தண்ணி உள்ளார வராது?”

“வரும் மாமா. வந்த வழியிலயே போய்டும்” என்றாள் சரண்யா.

“வூட்ட கட்டிட்டு பின்சுவர வுட்டுட்டான் பாரு மேஸ்திரி.”

உண்மையில் அந்தத் திறப்புதான் அதன் அறிவு. உள்ளே அடிக்கும் அலை நிற்காமல் ஓடிவிடும், மொண்டு கொட்ட ஆள் வேண்டாம். இந்தப் படகில் எதுவும் தங்கக் கூடாது என்பதுதான் வடிவமைத்தவரின் எண்ணம். பாய்மரம் சேர்க்காமல் படகின் வெறும் ஓடு எழுபத்து நான்கு கிலோ, அதற்குக் குறையக் கூடாது என்று விதி. சுவர், வெளியே ஒரு மெல்லிய கண்ணாடி இழைத் தோல், உள்ளே ஒரு தோல், நடுவில் பஞ்சு போன்ற நுரை. மூன்று பாய்கள். பெரிய பாய், முன்பாய், காற்றோடு போகும்போது மூக்கிலிருந்து விரிகிற பலூன் பாய். காற்று போதுமான அளவு வந்தால் படகு தண்ணீரைக் கிழிப்பதை விட்டுவிட்டு அதன் மேல் ஏறிக்கொள்ளும். தட்டையான கல்லை ஏரியில் வீசினால் தத்திப் போகுமே, அந்த மாதிரி. ஏறிவிட்டால் வேகம் இரட்டிப்பாகும். ஏறாத படகு வெறும் படகு.

எஸ்தரின் அம்மா நண்டு குழம்பு அனுப்பியிருந்தார். கழிமுகத்து நண்டா என்று கேட்டேன். “அதுல இப்ப சாம்பல்தான் கீது ஆன்ட்டி. இது காசிமேட்டுல வாங்கினது” என்றாள் எஸ்தர். முகத்துவாரத்துக்குப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளியிருந்து நண்டு வருகிறது. குழம்பு நன்றாக இருந்தது.

சாப்பிடும்போது சரண்யா சொன்னாள்: “முகாமுல சேர எனுக்கு இந்த வருசத்தோட வயசு முடியுது. எஸ்தருக்கு இன்னும் ஒரு வருசம் கீது. எனுக்கு ஞாயித்துக்கெழமதான்.” முகாமில் இடம் கிடைத்தால் விடுதி உண்டு, விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி உண்டு. கிடைக்காவிட்டால் அவள் அம்மாவுடன் திருவொற்றியூர் சந்தையில் மீன்கூடை. மீன்கூடையைப் பற்றி வருத்தமாகப் பேசவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னாள்.

படகு வந்து இறங்கியபோதே அடியில் உடைந்திருந்தது என்பதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஏதோ ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட்டின் இரும்பு நாக்கு குத்தி, ஒரு முழ நீளத்துக்குக் கிழித்துவிட்டது. யார் கை என்று எவரும் சொல்லவில்லை. சரண்யா அழுதுகொண்டு எனக்குப் போன் செய்தாள். காசிமேட்டில் மீன்பிடிப் படகுகளுக்கு ஃபைபர் வேலை செய்யும் ஜாகீர் பாய் சரிசெய்து தருவதாகச் சொல்கிறார் என்றாள். “நல்லா ஸ்ட்ராங்கா போடச் சொல்லும்மா” என்றேன். என் சமையலறையில், ஒரு கையில் கரண்டியுடன் நின்று சொன்னது. நன்றாக நினைவிருக்கிறது.

வெள்ளிக்கிழமை மதியம் படகைத் தண்ணீருக்குக் கொண்டுபோனோம். தள்ளுவண்டியின் அச்சு முறிந்திருந்ததால் ஆறு பேர் தூக்கினார்கள். நானும் மூக்குப் பக்கம் கை கொடுத்தேன். கொடுத்த உடனே மணிக்கட்டுக்கு ஏதோ தெரிந்தது. என் மகளும் அவள் தோழியும், பதினைந்து வயதில், இதே படகை இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுக்கொண்டு சரிவில் தூக்கிப்போவார்கள். சிரித்துக்கொண்டே போவார்கள். இங்கே ஆறு பேருக்கும் மூச்சு வாங்கியது. ஆனால் இவர்களுக்கு இந்தப் படகின் பழைய எடை தெரியாது. அது இவர்களிடம் உடைந்தேதான் வந்தது.

பிறகு கடல்காற்று வந்தது. பலமான காற்று. எஸ்தர் கம்பியில் தொங்கினாள், சரண்யா சுக்கானை இரண்டு விரலால் பிடித்திருந்தாள். படகு எழும்பிப் பறந்தது. கரையில் விசில். மணிக்கட்டு சொன்னதை நான் மறந்துவிட்டேன். மறக்கக் காரணம் கிடைத்தது என்பதுதான் சரி.

சனிக்கிழமை படகைக் காசிமேட்டுக்கு எடுத்துப்போக, குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்றைப் பிடித்தார்கள். பாய்மரம் வண்டிக்குப் பின்னால் எட்டடி நீட்டிக்கொண்டிருந்தது, நுனியில் சிவப்புத் துணி. வழியில் போக்குவரத்துக் காவலர் நிறுத்தினார்.

“இன்னாய்யா இது, கொடிக்கம்பமா? எந்தக் கட்சி?”

“கட்சி இல்ல சார், போட்டு” என்றாள் சரண்யா.

“போட்டுக்கு ரோட்ல இன்னா வேல?”

“கடலுக்குதான் சார் போவுது. நீங்கதான் நிறுத்தி வெச்சிகினு கீறீங்க.”

அவர் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினார்.

ஜாகீர் பாயின் கொட்டகை கல்மண்டபத்திலிருந்து நடக்கும் தூரம். ஐம்பத்தைந்து வயதிருக்கும். முழங்கை வரை வெள்ளைத் தூசி, ரெசின் வாசனை. என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். படகைக் கவிழ்த்து அடிப்பாகத்தை விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். தொட்டால் வழுக்கும் வேலை. எங்கே உடைந்தது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“அந்த ஊர்க்காரன் இன்னாம்மா இப்டி கஞ்சத்தனம் பண்ணிக்கிறான்? முட்டை ஓடு மாதிரி. நடுவுல வெறும் ஸ்பான்ச்சு. இத்த நம்பி புள்ளைங்கள கடலுக்கு அனுப்புவாங்களா?”

“அப்புறம் என்ன செஞ்சீங்க பாய்?”

“மீன்புடி போட்டுல, புள்ளைங்க மொதோ தபா போற போட்டுக்கு ஒரு மேட்டு ஜாஸ்தி போட்டு வுடுவோம். எங்க நைனா காலத்துலேந்து அதான் பழக்கம். இதுங்க பொண்ணுங்க வேற. ரெண்டா போட்டேன். உடஞ்ச எடம் மட்டும் இல்ல, அடி பூரா.” பெண்களைப் பார்த்துத் தலையசைத்தார். “நீங்களும் ஸ்ட்ராங்கா போட சொன்னீங்களாமே. சரண்யா சொல்லிச்சு.”

மேட் என்பது கண்ணாடி இழை விரிப்பு. அதை விரித்து, ரெசின் பூசி, உருளையால் தேய்த்து ஒட்டுவார்கள். அலையில் மணலோடு மோதும் மீன்பிடிப் படகுக்கு அது உயிர். அடி முழுவதும் இரண்டு என்றால் எத்தனை கிலோ வரும் என்று எனக்குத் தெரியாது. மீன் ஏலக்கூடத்தில் தராசு இருக்கும், ஒருமுறை எடை பார்த்துவிடலாம் என்றேன். போட்டிக்கு முன் பார்ப்பது வழக்கம்தான் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

மீன் பெட்டிகள் ஏற்றும் மேடைத் தராசு. படகை அதன் மேல் குறுக்காக வைத்ததும் மீன்காரப் பெண்கள் கூடிவிட்டார்கள்.

“இன்னாடி மீனு இது?”

“எலும்பே இல்ல, தோலு மட்டும் கீது.”

“வவ்வாலுனு சொல்லி வித்துடு. கிலோ எவ்ளோ?”

“வாய் பெருசா கீது, உள்ள ஒண்ணும் இல்ல. எம் புருசன் மாதிரி.”

அந்தச் சிரிப்பில் சரண்யாவும் குனிந்து சிரித்தாள். எண் ஆடி ஆடி நின்றது. தொண்ணூற்றிரண்டு.

நான் ஒரு தமிழ் நாளிதழில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தவள். மற்றவர்கள் எழுதியதில் உள்ள எண்களைச் சரிபார்ப்பதுதான் பாதி வேலை. பதினெட்டு கிலோ அதிகம் என்பது கணக்குப் போடாமலே தெரிந்தது.

“ஆன்ட்டி, சரியா கீதா?” என்று சரண்யா கேட்டாள்.

“சரியா இருக்கு” என்றேன்.

அப்போது எனக்குள் நான் சொல்லிக்கொண்டவை: மாலை ஆகிவிட்டது. சுரண்ட ஆரம்பித்தால் நுரைவரை ஓட்டையாகிவிடும். வெள்ளிக்கிழமை போலக் காற்று அடித்தால் எடை ஒரு பொருட்டில்லை. முதல் நாள் இரவில் பிள்ளைகளின் தைரியத்தைக் கெடுக்கக் கூடாது. எல்லாமே உண்மைதான். ஆனால் கூடவே வந்திருந்த ஜாகீர் பாய் பக்கத்திலேயே நின்றார். சொல்லியிருந்தால் அந்த நிமிடமே கிரைண்டரை எடுத்திருப்பார், விடியும்வரை இழைத்திருப்பார். பாதியாவது குறைந்திருக்கும். கேள்விப்பட்டதும் அவர் முகம் எப்படி ஆகும் என்று நினைத்தேன். ‘ஸ்ட்ராங்கா’ என்று சொன்னது யார் என்ற கேள்வி அடுத்து வரும் என்றும் நினைத்தேன். எது எனக்கு முந்தி வந்தது என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அந்த இரண்டாவது நினைப்பாகத்தான் இருக்கும்.

அன்று மாலை கல்மண்டபத்தருகே ஒரு தள்ளுவண்டியில் அத்தோ வாங்கித் தந்தார்கள். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த மஞ்சள் நூடுல்ஸ், புளியும் பொரித்த வெங்காயமும் மிளகாய்த் தூளும் போட்டுக் கையால் பிசைந்து தருகிறார்கள். எங்கள் ஊர் உணவங்காடியில் கையுறை இல்லாமல் இப்படிப் பிசைந்தால் கடையை மூடிவிடுவார்கள். இரண்டு தட்டு சாப்பிட்டேன். சரண்யா முகாமுக்கு என்னென்ன எடுத்துப்போவது என்று எஸ்தரிடம் பட்டியல் சொல்லிக்கொண்டிருந்தாள். “போர்வ அங்கியே குடுப்பாங்களாடி?” என்று கேட்டாள்.

ஞாயிறு காலை துறைமுக வாயிலில் அனுமதிச் சீட்டுக்கு ஒன்றரை மணி நேரம் நின்றோம். மற்ற ஐந்து ஜோடிகள் அப்பாக்களின் வண்டியில், படகை இழுவையில் பூட்டிக்கொண்டு வந்து, கைகாட்டிவிட்டு உள்ளே போனார்கள். எங்கள் குட்டியானையை வாயிற்காவலர் இரண்டு முறை சுற்றி வந்தார். “மீன் ஏத்துற வண்டிக்குப் பாஸ் இல்ல.” வண்டியில் இருப்பது படகு, வாசனை மட்டும்தான் மீன் என்று விளக்க வேண்டியிருந்தது.

பெண்கள் கயிறு கட்டப் போனபோது அளவீட்டாளர் படகை எடை போட்டார். நிமிர்ந்த முதுகுள்ள முதியவர். எண்ணைப் பார்த்துவிட்டு உதவியாளரிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். தமிழில் இப்படி வரும்: “குறைவாக இருந்தால்தான் தடை. அதிகம் இருந்தால் தண்டனையைத் தண்ணீர் கொடுத்துக்கொள்ளும்.” உதவியாளர் சிரித்தார். ஈயம் கட்டிக்கொண்டு ஓட வருகிறவர்களை அவர் பார்த்ததில்லை போலும்.

அட்டவணையில் நான்கு ஓட்டங்கள். அலைதடுப்புச் சுவரின் பாறையில் உட்கார்ந்து தொலைநோக்கியில் பார்த்தேன். காலையில் தரைக்காற்று, மெலிதாக. கச்சான் என்கிறார்கள். முதல் ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தார்கள். இரண்டாவதில் எல்லோரும் இடப்பக்கம் போக, சரண்யா மட்டும் வலப்பக்கம் திரும்பினாள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. பிறகு பார்த்தால் அந்தப் பக்கத்துக் கிரேன் உச்சியில் ஒரு கந்தல் துணி படபடத்துக்கொண்டிருந்தது. முதலாவதாக வந்தார்கள்.

மூன்றாவது ஓட்டத்தில் காற்று கொஞ்சம் கூடியது. ஒரு படகு எழும்பலாமா வேண்டாமா என்று யோசிக்கிற அளவுக் காற்று. முதல் மிதவையைச் சரண்யாவும் எஸ்தரும்தான் முதலில் சுற்றினார்கள். நான்கு படகு நீளம் முன்னிலை. பலூன் பாய் விரிந்தது, ஒரு தவறு இல்லை. எஸ்தர் கம்பியில் நீண்டாள். பின்னால் வந்த படகு ஒரு வீச்சுக் காற்றில் மூக்கைத் தூக்கி, தண்ணீர் மேல் ஏறி, அவர்களைத் தாண்டிப் போனது. அடுத்த வீச்சில் இன்னொன்று. அதே காற்று எங்கள் பாயிலும் நிரம்பித்தான் இருந்தது. எஸ்தர் பாயை இழுத்து விட்டு, இழுத்து விட்டு, படகை உசுப்பினாள். மூக்கு எழும்பட்டும் என்று சரண்யா உடம்பைப் பின்னுக்குத் தள்ளினாள். மூக்கு ஒரு கணம் மேலே வரும், திரும்ப அமரும். அவர்கள் ஏதோ தப்புச் செய்கிறோம் என்று நினைத்துச் சுற்றுமுற்றும் பார்ப்பது தொலைநோக்கியில் தெரிந்தது. பாசி சிக்கியதா என்று சரண்யா தண்ணீருக்குள் இறங்கியிருக்கும் நடுப்பலகையை எட்டிப் பார்த்தாள். மூன்றாவது.

நான்காவது ஓட்டம் நடக்கவில்லை. பரிசு கொடுக்க வந்தவருக்கு மதியம் வேறு நிகழ்ச்சி என்றார்கள். “கடக்காத்து வர்ற நேரம் சார், இன்னும் ஒரு மணி நேரம்” என்று எஸ்தர் போட்டி நடத்துகிற ஒருவரிடம் கேட்டாள். நான் பார்க்க அவளாகப் பேசியது அந்த ஒரு முறைதான். அவர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். மூன்று ஓட்டங்களைக் கூட்டி முடிவு சொல்லிவிட்டார்கள். எங்கள் ஜோடி மூன்றாவது. இரண்டு இடம்.

பாயைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது கடல்காற்று வந்தது. வெள்ளிக்கிழமை வந்த அதே காற்று. பரிசளிப்புப் பந்தலின் ஒரு ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு போனது.

முடிவுகளை அறிவிப்புப் பலகையில் ஒட்டியபோது அளவீட்டுத் தாளையும் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். சரண்யா பெயர்களை விட்டுவிட்டு அந்தத் தாளைத்தான் படித்தாள். விரலை வைத்து வரி வரியாக. எழுபத்து நான்கு, எழுபத்தைந்து, எழுபத்து நான்கு, தொண்ணூற்றிரண்டு. விரல் அங்கே நின்றது.

“ஆன்ட்டி, நேத்து தராசுல நீங்க பாத்தீங்க இல்ல?”

“பார்த்தேன்.”

“இதேதான் காட்டுச்சா?”

“ஆமா.”

“சரியா கீதுன்னு சொன்னீங்க.”

காற்று வரும் என்று நினைத்ததாகச் சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் திரும்பிப் படகின் கயிற்றைச் சுற்ற ஆரம்பித்திருந்தாள். எஸ்தர் என்னைப் பார்த்தாள், பிறகு தண்ணீரைப் பார்த்தாள்.

குட்டியானை கல்மண்டபம் திரும்பியது. ஜாகீர் பாய் கொட்டகை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார், துவைத்த சட்டை போட்டிருந்தார். முடிவு என்ன என்று கேட்கவில்லை. எங்கள் முகத்திலேயே படித்திருப்பார். வண்டியில் கவிழ்த்து ஏற்றியிருந்த படகின் அடிப்பாகத்தை உள்ளங்கையால் மூக்கிலிருந்து வால்வரை தடவிக்கொண்டே போனார்.

“எங்கனா விரிசல் வுட்டுச்சா?”

எஸ்தர் வாயைத் திறந்தாள். சரண்யா முந்திக்கொண்டாள்.

“ஒரு கீறல் இல்ல பாய். மத்த போட்டுலாம் முட்ட ஓடு. நம்புளுது கல்லு.”

“நான் சொன்னேன்ல!” என்றார். அவர் முகம் மலர்ந்தது. என் பக்கம் திரும்பி, “நீங்க சொன்ன மாதிரியேதான்ம்மா போட்டேன்” என்றார்.

இறக்க ஆள் கூப்பிட்டார். பக்கத்துக் கொட்டகைகளிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். நானும் போய் மூக்குப் பக்கம் கை வைத்தேன்.

சரண்யா என் கையை மெதுவாக எடுத்துவிட்டாள்.

“நீங்க வுடுங்க ஆன்ட்டி. வெயிட்டு ஜாஸ்தி.”